டிவைஸ் மேனேஜரில் தெரியும் யுஎஸ்பி சாதனங்களில் எது எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினி. ப்ரின்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, வெப்கேம், வயர்லெஸ் மவுஸும் கீபோர்டும், இரண்டு பென்டிரைவ் என்று எல்லா போர்ட்டும் நிறைந்திருக்கிறது. இணைந்திருக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் பாதிக்கு உருப்படியான பெயரே இல்லை. 'யுஎஸ்பி காம்போசிட் டிவைஸ்' என்று நாலு, 'யுஎஸ்பி இன்புட் டிவைஸ்' என்று ஆறு, மஞ்சள் முக்கோணத்தோடு 'அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்' என்று ஒன்று. இதில் எது எந்தப் பொருள், அந்த 'அன்நோன்' எது?

முதலில் ஒரு கவலையைக் கழற்றி வைத்துவிடலாம். நாலும் ஆறும் சேர்ந்து பத்து சாதனங்கள் இல்லை. ஒரே பொருள் டிவைஸ் மேனேஜரில் நாலைந்து வரியாகத் தெரிவது சர்வ சாதாரணம். உங்கள் வயர்லெஸ் மவுஸ், கீபோர்டுக்கான சின்ன ரிசீவரையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாணி அளவுதான் இருக்கும். ஆனால் கணினியிடம் அது 'நான் ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், அதுபோக என் கம்பெனி மென்பொருள் பேசுவதற்கு இன்னொரு வழி' என்று மூன்று முகம் காட்டும். விண்டோஸ் அந்த மூன்றுக்கும் தாய் வரியாக ஒரு 'காம்போசிட் டிவைஸ்', கீழே மூன்று 'இன்புட் டிவைஸ்', அவற்றுக்கும் கீழே 'ஹெச்ஐடி கீபோர்டு', 'ஹெச்ஐடி மவுஸ்' என்று அடுக்கிவிடும். (ஹெச்ஐடி என்பது கீபோர்டு, மவுஸ் போலக் கையால் இயக்கும் சாதனங்களுக்கான பொதுப் பெயர்.) ஆக உங்கள் ஆறு 'இன்புட் டிவைஸ்' பெரும்பாலும் இரண்டு பொருளாகத்தான் இருக்கும்.

பெயர் ஏன் இப்படி மொட்டையாக வருகிறது? ஒரு யுஎஸ்பி சாதனத்தைச் செருகியதும் நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற எல்லாமே தானாகப் புரியும். சாதனத்துக்குள் இரண்டு டேட்டா கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோ ஓம் மின்தடை மேலே இழுத்து வைத்திருக்கும். அதைப் பார்த்துத்தான் 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று போர்ட்டுக்குத் தெரிகிறது. கணினி அந்தச் சாதனத்தை ஒருமுறை ரீசெட் செய்து, ஒரு முகவரி எண் கொடுத்து, 'உன் விவரம் சொல்' என்று கேட்கும். பதிலாக 18 பைட் அளவில் ஒரு சிறு தகவல் துண்டு வரும். இதற்கு டிவைஸ் டிஸ்கிரிப்டர் என்று பெயர். தயாரித்த நிறுவனத்தின் எண், பொருளின் எண், எந்த வகைச் சாதனம், பெயரும் சீரியல் நம்பரும் எங்கே இருக்கின்றன என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்த ஏற்பாடு 1996-இல் யுஎஸ்பியின் முதல் பதிப்பு வந்தபோதே உண்டு. இன்றைய டைப்-சி பென்டிரைவும் இதே 18 பைட்டைத்தான் அனுப்புகிறது. (செருகினால் தானாக வேலை செய்யும் என்பதை 1998 ஏப்ரலில் சிகாகோ கணினிக் கண்காட்சி மேடையில் காட்டப் போய், ஸ்கேனரைச் செருகியதும் பில் கேட்ஸ் முன்னிலையிலேயே விண்டோஸ் 98 நீலத்திரை காட்டிய கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அன்றைய நிலையோடு பார்த்தால் இன்று நாம் பாக்கியசாலிகள்.)

இதில் கவனிக்க வேண்டியது, விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் காட்டும் பெயர் பெரும்பாலும் சாதனம் சொன்ன பெயர் இல்லை. எந்த டிரைவர் (சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) அதைக் கவனித்துக்கொள்கிறதோ, அந்த டிரைவருக்கு வைத்த பெயர். கீபோர்டு, மவுஸ், பார்கோடு ஸ்கேனர் எல்லாவற்றுக்கும் விண்டோஸுக்குள் இருக்கும் பொதுவான டிரைவரே போதும். அதனால் எல்லாமே 'யுஎஸ்பி இன்புட் டிவைஸ்' ஆகிவிடுகின்றன. சாதனம் தன்னைப் பற்றித் தானே சொன்னது வேறு இடத்தில் இருக்கிறது. அதைத்தான் நாம் தேடிப் போக வேண்டும்.

விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தி டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மேலே 'வியூ' மெனுவில் 'டிவைசஸ் பை டைப்' என்பதில் டிக் இருக்கும். அதை 'டிவைசஸ் பை கனெக்ஷன்' என்று மாற்றுங்கள். இப்போது எல்லாம் மரம் போல விரியும். யுஎஸ்பி கன்ட்ரோலர், அதன் கீழே ரூட் ஹப் (ஒரு வழியைப் பல போர்ட்டாகப் பிரிப்பது ஹப்), அதன் கீழே ஒவ்வொரு போர்ட்டிலும் இருப்பது. எந்த 'இன்புட் டிவைஸ்' எந்த 'காம்போசிட்' வீட்டுப் பிள்ளை என்பது இங்கே ஒரே பார்வையில் தெரிந்துவிடும். புதிய விண்டோஸ்களில் 'டிவைசஸ் பை கன்டெய்னர்' என்று இன்னொரு வகையும் உண்டு. ஒரே பொருளின் எல்லா முகங்களையும் ஒரு பெயரின் கீழ் சேர்த்துக் காட்டும். உங்கள் கேள்விக்கு அதுதான் இன்னும் வசதி.

அடுத்து, சந்தேகமான ஒரு வரியின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ், அதில் டீடெயில்ஸ் பக்கம். அங்கே ஒரு கீழிறங்கு பட்டியல் இருக்கும். பலரும் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. ஆனால் இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி தனியாகத் தேட வேண்டியதில்லை. அதில் 'பஸ் ரிப்போர்ட்டட் டிவைஸ் டிஸ்கிரிப்ஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதனம் தன் வாயால் சொன்ன பெயர் அங்கே வரும். வெளியே 'காம்போசிட் டிவைஸ்' என்று இருந்தது உள்ளே 'யுஎஸ்பி ரிசீவர்' என்றோ, கைரேகைக் கருவியின் மாடல் எண்ணாகவோ, வெப்கேமின் பெயராகவோ தெரியும். உங்கள் நாலு 'காம்போசிட்'டில் மூன்றுக்காவது இத்துடன் விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். அதே பட்டியலில் 'லொக்கேஷன் இன்ஃபர்மேஷன்' என்பதையும் பாருங்கள். எந்த ஹப்பில் எத்தனையாவது போர்ட் என்று சொல்லும்.

சரி, அந்த இடத்திலும் பெயர் மொட்டையாக இருந்தால்? அப்போது அதே பட்டியலில் 'ஹார்டுவேர் ஐடிஸ்'. இதுபோல ஒரு வரி வரும்: யுஎஸ்பி\விஐடி_0403&பிஐடி_6001. விஐடி என்பது நிறுவனத்தின் எண், பிஐடி என்பது அந்த நிறுவனம் தன் பொருளுக்குக் கொடுத்த எண். இரண்டும் நாலு நாலு இலக்கம். பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் என்பதால் 0 முதல் 9 வரையும், அதற்கு மேல் ஏ முதல் எஃப் வரையும் வரலாம். நிறுவன எண்ணை யுஎஸ்பி கூட்டமைப்பு காசு வாங்கிக்கொண்டு ஒதுக்குகிறது. பெயர் மாறும், டிரைவர் மாறும், விண்டோஸ் பதிப்பு மாறும். இந்த எட்டு இலக்கம் மட்டும் மாறாது. இந்த ஜோடியை அப்படியே கூகுளில் போட்டாலே போதும். லினக்ஸ்காரர்கள் பல வருடமாகப் பராமரிக்கும் யுஎஸ்பி எண் பட்டியலும் இணையத்தில் திறந்தே கிடக்கிறது.

சில எண்கள் பார்த்துப் பார்த்துப் பழகிவிடும். 0781 சான்டிஸ்க். 0951 கிங்ஸ்டன். 046டி லாஜிடெக். 03எஃப்0 ஹெச்பி. 04ஏ9 கேனான். 04பி8 எப்சன். 2717 ஷாவ்மி. 8087 வந்தால் இன்டெல். இதில் ஒரு விஷயம்: 8087 எண்ணோடு ஏதாவது இருந்தால் அது பெரும்பாலும் நீங்கள் செருகியது இல்லை; கணினிக்குள்ளேயே இருப்பது. லேப்டாப்பின் ப்ளூடூத், வெப்கேம், கைரேகை சென்சார் எல்லாமே பெரும்பாலும் உள்ளே யுஎஸ்பி கம்பியில்தான் தொங்குகின்றன. கொஞ்சம் பழைய இன்டெல் கணினிகளில் 8087, 0024 என்ற ஜோடியோடு 'ஜெனரிக் யுஎஸ்பி ஹப்' இரண்டு தெரியும். 'நான் ஹப் எதுவும் வாங்கவே இல்லையே' என்று பயந்து கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மதர்போர்டிலேயே இருக்கும் ஹப். விட்டுவிடுங்கள்.

எண்ணை வைத்துத் தேடும்போது ஒன்றை மனதில் வையுங்கள். வருவது பெட்டியின் மேல் அச்சடித்த பிராண்டு இல்லாமலும் போகலாம். உள்ளே இருக்கும் சிப்பைச் செய்தவரின் பெயராக இருக்கலாம். மேலே சொன்ன 0403, 6001 என்பது எஃப்டிடிஐ என்ற ஸ்காட்லாந்து நிறுவனத்தின் சிப்; யுஎஸ்பியைப் பழைய சீரியல் இணைப்பாக மாற்றுவது. எடை மெஷின் கேபிளிலும் இருக்கும், ஆய்வக மீட்டரிலும் இருக்கும், அசல் விலை கொடுத்து வாங்கிய பழைய மின்னணுப் போர்டிலும் இருக்கும். 1ஏ86, 7523 என்றால் சீனத்து சிஹெச்340 சிப். ஆர்டுயினோ என்ற மின்னணுப் பயிற்சிப் போர்டின் விலை குறைந்த நகல்களில் முக்கால்வாசி இதுதான். அசல் ஆர்டுயினோ ஊனோ என்றால் 2341, 0043 என்று வரும். 067பி, 2303 என்றால் ப்ரோலிஃபிக் சிப் போட்ட யுஎஸ்பி–சீரியல் கேபிள். எனவே தேடலில் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெயர் வந்தால் 'வைரஸ்' என்று பதற வேண்டாம். அந்தச் சிப் போட்ட பொருள் எது கடையில் இருக்கிறது என்று யோசியுங்கள்.

போலிச் சிப்புகளால் இந்த எண்ணே ஒருமுறை சண்டைக்கு ஆயுதமாகியது. எஃப்டிடிஐ சிப்பைப் போலவே நடித்து 0403, 6001 என்று சொல்லிக்கொள்ளும் நகல்கள் சந்தையில் நிறைய. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐயின் புதிய டிரைவர், போலி என்று கண்ட சிப்புகளின் பொருள் எண்ணை 0000 என்று திருத்தி எழுதிவிட்டது. நேற்று வரை வேலை செய்த கேபிள் இன்று எந்தக் கணினியிலும் அடையாளம் தெரியாமல் போனது. போலி என்று தெரியாமல் வாங்கியவர்கள்தான் மாட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். ப்ரோலிஃபிக் இன்னும் நாசூக்கு: அதன் புதிய டிரைவர் பழைய சிப்பையும் நகலையும் கண்டால், 2012-லிருந்தே நிறுத்தப்பட்ட பொருள், விற்றவரைக் கேளுங்கள் என்ற வாசகத்தை டிவைஸ் மேனேஜரில் சாதனத்தின் பெயராகவே காட்டிவிடும். எடை மெஷின் கேபிளுக்கு அப்படி ஒரு விநோதப் பெயர் வந்தால் காரணம் இதுதான். அந்த டிரைவரின் பழைய பதிப்பைப் போட்டால் பெரும்பாலும் ஓடும்.

மேலே சொன்னதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் செய்வது. ஆனால் கடையில் நின்றுகொண்டே செய்ய இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு: பிடுங்கிப் பார்ப்பது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேபிளாகக் கழற்றுங்கள். கழற்றியதும் பட்டியல் ஒருமுறை துள்ளி, சில வரிகள் காணாமல் போகும். காணாமல் போன அத்தனையும் அந்தப் பொருளுக்குச் சொந்தம். திரும்பச் செருகுங்கள், அடுத்ததுக்குப் போங்கள். பென்டிரைவையும் ஹார்டு டிஸ்கையும் மட்டும் முறையாக 'எஜெக்ட்' செய்துவிட்டுக் கழற்ற வேண்டும். மற்றவற்றை அப்படியே கழற்றலாம். எதைக் கழற்றினாலும் போகாத வரி, கணினிக்கு உள்ளே இருக்கும் சாதனத்துடையது. கையோடு ஒவ்வொரு கேபிள் முனையிலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள். அடுத்த முறை மேசைக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டு குனிய வேண்டியிருக்காது.

இப்போது அந்த மஞ்சள் முக்கோணம். இதில்தான் ஆட்கள் அதிக நேரத்தை வீணடிக்கிறார்கள். 'அன்நோன்' என்று கண்டதும் டிரைவர் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். டவுன்லோட் தளங்களில் கிடைக்கும் 'எல்லா டிரைவரையும் தானாகப் போடும்' மென்பொருளைப் போட்டு, இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்கள். டிரைவர் தேடுவதற்கு முன் ஒரே ஒரு காரியம்: அதன் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள்.

அதில் விஐடி_0000 என்றிருந்தால் டிரைவர் தேடுவதில் பயனே இல்லை. கணினி 'உன் விவரம் சொல்' என்று கேட்டது. எதிர்ப்பக்கம் பதில் வரவில்லை, அல்லது குழறியது. எண்ணே கிடைக்காதபோது எந்த டிரைவரைப் போடுவது? ஜெனரல் பக்கத்தில் 'கோடு 43' என்று காட்டும், பெயருக்குப் பக்கத்திலேயே 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு' என்றும் இருக்கும். இது பெரும்பாலும் கம்பி, போர்ட், மின்சாரம் இவற்றின் கோளாறு. கேபிளை மாற்றுங்கள். முன்பக்க போர்ட்டிலிருந்து எடுத்துப் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் போடுங்கள். முன்பக்க போர்ட்டுக்கு கேபினெட்டுக்குள் ஒரு மெல்லிய கம்பிதான் போகிறது, அது பல இடங்களில் மட்டம். நடுவில் ஹப் இருந்தால் அதை நீக்குங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரைதான் கொடுக்கும், 3.0 போர்ட் 900. தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் ஒவ்வொரு வாய்க்கும் கணக்குப்படி 100 மில்லி ஆம்பியர்தான். அதில் கைரேகைக் கருவியையும் ஹார்டு டிஸ்கையும் சேர்த்து மாட்டினால் ஏதாவது ஒன்று 'அன்நோன்' ஆவதில் ஆச்சரியமில்லை. இதெல்லாம் செய்தும் போகவில்லை என்றால் கணினியை ஷட்டவுன் செய்து, மின் கம்பியையே பிடுங்கி, ஐந்து நிமிடம் விட்டுப் போட்டுப் பாருங்கள். ஷட்டவுன் செய்த கணினியின் போர்ட்டுகளில்கூடக் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்; அதில் ஒட்டிக்கொண்டு சில சாதனங்கள் குழம்பிய நிலையிலேயே இருக்கும். கடைசியாக, அதே பொருளை வேறு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கேயும் 'அன்நோன்' என்றால் பொருளே போய்விட்டது.

மாறாக, விஐடியும் பிஐடியும் ஒழுங்கான எண்ணாக இருந்து, முக்கோணமும் 'கோடு 28' என்பதும் இருந்தால், அது நல்ல செய்தி. பொருள் நலமாக இருக்கிறது, பேசுகிறது; அதற்கு டிரைவர் மட்டும் இல்லை. அந்த எண் ஜோடியை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே டிரைவரை எடுங்கள். ஆதார் வேலைக்கான கைரேகைக் கருவிகளுக்கு டிரைவரோடு தனியாக ஒரு ஆர்டி சர்வீஸ் மென்பொருளும் வேண்டும். டிவைஸ் மேனேஜரில் எல்லாம் சரியாக இருந்து இணையதளம் மட்டும் 'டிவைஸ் கிடைக்கவில்லை' என்றால், கோளாறு யுஎஸ்பியில் இல்லை, அந்த சர்வீஸில்.

'அன்நோன்' என்றுகூட வரவில்லை, செருகினால் ஒரு சத்தமும் இல்லை என்ற வகையும் உண்டு. கேபிளில்தான் முதல் சந்தேகம். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்களில் டேட்டா கம்பியே கிடையாது. போன் சார்ஜ் ஆகும், கணினிக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது. ஆண்ட்ராய்டு போனில் நல்ல கேபிளே போட்டாலும், நோட்டிஃபிகேஷனை இழுத்து 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று தேர்ந்தெடுக்கும் வரை உள்ளே இருக்கும் படங்களைக் காட்டாது. பென்டிரைவ் டிவைஸ் மேனேஜரில் இருக்கிறது, 'திஸ் பிசி'யில் இல்லை என்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். டிரைவ் எழுத்து கொடுக்கப்படாமல் இருக்கலாம், அல்லது லினக்ஸில் ஃபார்மேட் செய்ததாக இருக்கலாம். 'ஃபார்மேட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்டால் அவசரப்பட்டு 'எஸ்' கொடுக்காதீர்கள். வாடிக்கையாளரின் கல்யாண ஆல்பம் அதில் இருக்கும்.

சீரியல் நம்பர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடைக்காரர்களுக்கு வரும் இரண்டு தொல்லைகளுக்கு மூலம் அதுதான். ஒரே மாடலில் இரண்டு பொருள் இருந்தால் விஐடி, பிஐடி இரண்டும் ஒன்றாகவே இருக்கும். பிரித்துச் சொல்வது சீரியல் நம்பர். ஆனால் அதை வைத்தே தீர வேண்டும் என்று எல்லா வகைச் சாதனத்துக்கும் கட்டாயம் இல்லை. மலிவான பொருள்களில் வைப்பதும் இல்லை. சீரியல் நம்பர் உள்ள சாதனத்தை எந்த போர்ட்டில் மாற்றிப் போட்டாலும் விண்டோஸ் 'பழைய ஆள்தான்' என்று கண்டுகொள்ளும். இல்லாததை போர்ட்டை வைத்துத்தான் நினைவில் வைக்கும். வேறு போர்ட்டில் போட்டால் புது ஆள். அதனால்தான் துடைத்துப் பெருக்கும்போது கழற்றிய ப்ரின்டரை வேறு வாயில் மாட்டியதும் 'காப்பி 1' என்று இன்னொரு ப்ரின்டர் முளைக்கிறது. பில்லிங் மென்பொருள் பழையதற்கே அனுப்பிக்கொண்டு 'ஆஃப்லைன்' என்கிறது. எடை மெஷின் கேபிளுக்கு விண்டோஸ் கொடுக்கும் சீரியல் போர்ட் எண் நேற்று காம் 3-ஆக இருந்தது இன்று காம் 5 ஆவதும் இதனால்தான். தீர்வு எளிது: பழைய போர்ட்டிலேயே திரும்ப மாட்டுங்கள். முடியாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் அந்த சீரியல் போர்ட்டின் 'போர்ட் செட்டிங்ஸ்', 'அட்வான்ஸ்டு' போய் காம் எண்ணைப் பழையதாக மாற்றிவிடலாம்.

ஒரு சாதனத்துக்கு நிஜ சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பார்க்கவும் டீடெயில்ஸ் பட்டியலே போதும். 'டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத்' என்பதைத் தேர்ந்தெடுத்துக் கடைசிப் பகுதியைப் பாருங்கள். அதில் இரண்டாவது எழுத்தாக '&' வந்தால், எடுத்துக்காட்டாக 5&... என்று தொடங்கினால், அது விண்டோஸ் தானாக வைத்துக்கொண்ட எண். சாதனத்தில் சீரியல் நம்பர் இல்லை.

முன்பு எப்போதோ செருகியவற்றையும் பார்க்க முடியும். 'வியூ' மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுத்தால் இப்போது இல்லாதவை மங்கலாகத் தெரியும். நிர்சாஃப்ட்டின் யுஎஸ்பிடிவ்யூ என்ற சிறிய இலவச மென்பொருள் இதையே அட்டவணையாக, எண், சீரியல் நம்பர், கடைசியாகச் செருகிய நேரம் எல்லாவற்றோடும் காட்டும். பென்டிரைவ்களின் தடம் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) 'யுஎஸ்பிஸ்டோர்' என்ற பகுதியில் இருக்கிறது. ஒரு சாதனம் முதன்முதலில் எப்போது நிறுவப்பட்டது என்பது விண்டோஸ் கோப்புறையின் ஐஎன்எஃப் பகுதியில் இருக்கும் செட்அப் பதிவுக் கோப்பில் இருக்கும். போலீஸ் தடயவியல் ஆட்கள் பார்ப்பதும் இந்த இடங்களைத்தான். கடையில் யாரோ பென்டிரைவ் போட்டு வைரஸ் கொண்டுவந்துவிட்டார்கள் என்ற சந்தேகம் வந்தால் அங்கே போய்ப் பாருங்கள். பழி போடுவது அப்புறம்.

வேகம் பற்றிச் சுருக்கமாக. ஊவ சீபர் என்பவர் எழுதிய யுஎஸ்பி ட்ரீ வ்யூ என்ற இலவச மென்பொருள், ஒவ்வொரு சாதனமும் என்ன வேகத்தில் இணைந்திருக்கிறது என்று காட்டும். யுஎஸ்பி 3 பென்டிரைவ் 480 மெகாபிட்டில் ஓடிக்கொண்டிருந்தால் போர்ட் பழையது, அல்லது கேபிள் பழையது, அல்லது நீங்கள் மெதுவாகச் செருகினீர்கள். சிரிக்க வேண்டாம்: நீல நிற முனையில் பழைய நாலு தொடர்பு முன்னாலும் புதிய ஐந்து தொடர்பு பின்னாலும் இருக்கின்றன. தயங்கித் தயங்கி நுழைத்தால் முதல் நாலு மட்டும் ஒட்டி, அது யுஎஸ்பி 2-ஆகவே பதிவாகிவிடும். கழற்றி ஒரே அழுத்தாக அழுத்துங்கள்.

லினக்ஸ் கணினி இருந்தால் வேலை இன்னும் சுலபம். டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) என்ற கட்டளை கொடுத்தால் விஐடி, பிஐடி ஜோடியும் பெயரும் வரிவரியாக வரும். அதோடு '-t' சேர்த்தால் மரமும் வேகமும். டிமெசேஜ் (dmesg) கட்டளையை '-w' போட்டு ஓடவிட்டுப் பொருளைச் செருகினால், அது என்ன சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறது என்பதைக் கண்முன்னே பார்க்கலாம். விண்டோஸில் 'அன்நோன்' என்றிருந்த பொருளை லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து பார்ப்பதும் ஒரு நல்ல சோதனை. மேக் என்றால் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு ஆப்பிள் மெனு, சிஸ்டம் இன்ஃபர்மேஷன், அதில் யுஎஸ்பி. அவ்வளவுதான்.

இத்தனை தூரம் எண்ணை நம்பச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாவிட்டால் தப்பு: அந்த 18 பைட்டும் சாதனம் தானே சொல்வது. உண்மையா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. 2014-இல் லாஸ் வேகாஸ் பிளாக் ஹாட் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும் 'பேட்யுஎஸ்பி' என்ற பெயரில் காட்டியது இதைத்தான். சாதாரணப் பென்டிரைவின் உள் மென்பொருளை மாற்றி எழுதினால், அது கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்து கட்டளைகளைத் தானே தட்டச்சு செய்யும். பென்டிரைவைச் செருகியதும் டிவைஸ் மேனேஜரில் புதிதாக ஒரு 'ஹெச்ஐடி கீபோர்டு' முளைத்தால் உடனே பிடுங்குங்கள். கொள்ளளவும் அப்படித்தான். முன்னூறு ரூபாய்க்கு வாங்கிய 'ஒரு டெராபைட்' பென்டிரைவ் கணினியிடம் கூசாமல் ஒரு டெராபைட் என்றே சொல்லும். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற மென்பொருள்கள் கடைசி வரை எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். நேரம் பிடிக்கும், இரவு ஓடவிட்டுவிட்டுப் போங்கள்.

உங்கள் கணினிக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் கன்டெய்னர் பார்வை, அப்புறம் மிச்சமிருப்பவற்றுக்குப் பஸ் ரிப்போர்ட்டட் பெயர், அதுவும் உதவாததற்கு ஹார்டுவேர் ஐடி. அந்த 'அன்நோன்' வரிக்கு மட்டும் ஹார்டுவேர் ஐடியையும் கோடு எண்ணையும் இங்கே எழுதுங்கள். 0000 என்று வந்தால், எந்தக் கேபிளைக் கழற்றியபோது அந்த வரி மறைந்தது, அது ஹப்பில் இருந்ததா நேரடியாகவா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என் ஊகம் கைரேகைக் கருவியின் கேபிள். ஒரு நாளைக்கு நூறு முறை மேசையில் இழுபடும் பொருள் அது.